கடைக்கோடி வயலும் கணினி நிரலும்

கிளிநொச்சிக்கு அண்மையிலுள்ள உருத்திரபுரத்திலே ஒருவருடைய வீட்டைத் தேடிச் செல்கிறவர்கள் வீதியின் பெயரைக் கேட்பதிலும் பார்க்க வாய்க்காலின் எண்ணைக் கேட்பதே நல்லது. எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று வாய்க்காலே அங்கு விலாசமாக அமைந்திருக்கிறது. இதில் வியப்பொன்றுமில்லை. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளத்து நீரை நம்பியே அவ்வூர்க் கமக்காரர் வாழ்கின்றனர். நீர் வரும் வழியே அவர்களுக்கு வாழ்க்கை வழியுமாகும்.

போகம் தொடங்குமுன் கமக்காரர் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலே கூடுவர். எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தத் திகதியிலே தண்ணீர் திறப்பது என்பனவெல்லாம் அங்கே தீர்மானமாகும். ஆனால் தண்ணீர் திறப்பதற்கு முன் முடிக்கவேண்டிய வேலை ஒன்று உண்டு. அது வாய்க்கால் துப்புரவு. மண்வெட்டியும் கத்தியும் கொண்டு இறங்கி, புல்லைச் செதுக்கி, சேற்றை அள்ளி, உடைந்த கரையைக் கட்டவேண்டும். அதைச் செய்யாமல் தண்ணீரைத் திறந்தால் யாருக்கு நட்டம்? தலைப்பிலே வயல் வைத்திருப்பவருக்கு எப்படியும் தண்ணீர் கிடைத்துவிடும். கடைக்கோடியிலே வயல் வைத்திருப்பவருடைய நாற்றுத்தான் கருகும்.

இன்று நாம் எழுத எடுத்துக்கொண்ட விடயம் கமத்தொழில் அன்று. கணினி நிரல் எழுதும் தொழில். ஆயினும் இவ்விரண்டுக்கும் இடையே உள்ள ஒற்றுமை சிறிதன்று. நிரல் எழுதுவோரும் தாம் எழுதியதைப் பிறர் பார்வைக்குத் திறந்துவிடுமுன் ஒரு வாய்க்கால் துப்புரவு செய்யவேண்டியிருக்கிறது. அதைச் செய்யாதுவிட்டால் அங்கேயும் துன்பப்படுபவர் கடைக்கோடியில் இருப்பவரே. கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்கிவரும் இக்காலத்தில், நம் வீட்டுப் பிள்ளைகளிற் பலர் இத்தொழிலை மேற்கொள்ளத் தொடங்கியுள்ளனர். ஆதலால் பெற்றோரும் மாணவரும் இதனை அறிந்துவைத்தல் நன்று.

நிரலுக்கும் ஒரு நாட்குறிப்பு

கணினிக்கு இன்னது செய், அதன் பின் இன்னது செய் என்று வரிவரியாக எழுதிக் கொடுக்கும் கட்டளைத் தொகுதியே நிரல் எனப்படுவது. பெரிய நிரல் ஒன்றைப் பலர் சேர்ந்து பல ஆண்டுகள் எழுதுவர். இன்று ஒருவர் பத்து வரியைச் சேர்ப்பார். நாளை இன்னொருவர் மூன்று வரியை மாற்றுவார். யார், எப்போது, எதனை, ஏன் மாற்றினார் என்பதைக் குறித்து வைக்காவிட்டால் சில மாதங்களிலேயே குழப்பம் மேலிட்டுவிடும். இதற்காக ஏற்பட்ட கருவியே மாற்றப் பதிவேடு.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே 1972ஆம் ஆண்டு மார்க் றொக்கைன்ட் என்பவர் இத்தகைய பதிவேடு ஒன்றை உருவாக்கினார். பின்னர் வேறு பல தோன்றின. இன்று உலகெங்கும் மிகுதியாக வழங்குவது கிட் என்னும் பதிவேடாகும். லினக்ஸ் இயங்குதளத்தைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே இதனை எழுதத் தொடங்கினார். அதுவரை லினக்ஸ் எழுதுவோர் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்னும் பதிவேட்டை இலவசமாகப் பயன்படுத்தும் உரிமை அகன்றமையே இதற்குக் காரணம். அதே ஆண்டு யூலை மாதம் முதல் ஜூனியோ ஹமானோ என்பவர் கிட்டைப் பேணி வளர்க்கும் பொறுப்பை ஏற்றார்.

கிட் பதிவேட்டிலே ஒவ்வொரு மாற்றமும் 'கமிட்' எனப்படும் ஒரு பதிவாக அமையும். மாற்றிய வரிகள், மாற்றியவர் பெயர், நேரம், மாற்றத்தைப் பற்றிய சிறு குறிப்பு ஆகிய யாவும் அதில் அடங்கும். முந்திய பதிவு எது என்பதும் அதிலே குறிக்கப்படுவதால், பதிவுகள் சங்கிலிபோல ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கும். இவ்வாறு சேர்ந்த பதிவுகளை, நிரலின் மூலப்பிரதியோடு இணைக்குமுன், அனுபவம் மிக்க இன்னொருவர் வாசித்துப் பார்ப்பார். இதற்கு நிரல் மீளாய்வு என்று பெயர். ஒருவர் கண்ணுக்குத் தப்பிய பிழை மற்றவர் கண்ணுக்குப் படும் என்னும் எளிய நியாயமே இதன் அடிப்படை.

ஒரு மாணவன் கதை

விடயம் விளங்குதற்பொருட்டு ஒரு கதையைக் கற்பனையாக அமைத்துக்கொள்வோம். உருத்திரபுரத்திலே ஒரு மாணவன். பொறியியற் பீடத்திலே கணினி பயில்கிறான். அவனுடைய அம்மப்பா பழைய கமக்காரர். சிறுபோகத்திலே தண்ணீர் குறைவு. ஆகவே ஒவ்வொரு வயலுக்கும் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருக்கிறது. யாருக்கு எந்த இரவு, எத்தனை மணிக்கு என்னும் முறை அட்டவணையைக் கைத்தொலைபேசியிலே காட்டும் நிரல் ஒன்றைக் கமக்கார அமைப்புக்கு எழுதிக் கொடுக்க மாணவன் முன்வருகிறான். நல்ல முயற்சி. அடிப்படை நிரலை எழுதித் தந்த உறவினர் ஒருவர் ரொறன்ரோவில் வேலை பார்க்கிறார். மாணவன் எழுதுவதை மீளாய்வு செய்து தரவும் அவர் இசைகிறார்.

மாணவன் மூன்று கிழமை உழைக்கிறான். பதிவேட்டிலே நாற்பத்து மூன்று பதிவுகள் சேர்கின்றன. அவற்றின் குறிப்புகளோ 'திருத்தம்', 'மறுபடியும் திருத்தம்', 'இப்போது சரி', 'சரியில்லை, பழையபடி', 'கடைசித் திருத்தம்', 'உண்மையாகக் கடைசி' என்று இருக்கின்றன. இடையிலே ஒரு நாள் நிரலின் வரிகள் ஒழுங்கில்லாமல் இருப்பதைக் கண்டு, ஏறக்குறையத் தொள்ளாயிரம் வரிகளின் ஓர இடைவெளியை ஒரே மூச்சிற் சீர்ப்படுத்துகிறான். அதே பதிவிலேயே இன்னொரு மாற்றத்தையும் செய்துவிடுகிறான்.

அந்த மாற்றம் இதுதான். வாய்க்காலிலே இருபத்து நான்கு வயல்கள். பழைய நிரல் அவற்றைப் பூச்சியத்திலிருந்து எண்ணத் தொடங்கி, 'இருபத்து நான்கிலும் குறைவாக இருக்கும்வரை' எண்ணியது. கணினிக்கு இது வழக்கமான எண்ணிக்கை. பூச்சியம் முதல் இருபத்து மூன்றுவரை எண்ணினால் இருபத்து நான்கு வயல்கள் ஆகிவிடும். ஆனால் ஊரிலே யாரும் பூச்சியமாம் வயல் என்று சொல்வதில்லையே! ஆகவே மாணவன் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து தொடங்குமாறு மாற்றுகிறான். எல்லையை மாற்ற மறந்துவிடுகிறான். இப்போது நிரல் ஒன்று முதல் இருபத்து மூன்றுவரை மட்டுமே எண்ணும். இருபத்து நான்காம் வயல், அதாவது வாய்க்காலின் கடைக்கோடி வயல், அட்டவணையிலிருந்து சத்தமின்றி மறைந்துவிடுகிறது.

ரொறன்ரோவிலே இரவு பதினொரு மணி. பகல் முழுவதும் வேலை செய்து களைத்து வந்த உறவினர் திரையைத் திறக்கிறார். நாற்பத்து மூன்று பதிவுகள். ஆயிரத்து முந்நூறு வரிகள் வரையில் மாற்றம். எங்கே தொடங்குவது? சில பதிவுகளைத் திறந்து பார்க்கிறார். முதற் பதிவிலே எழுதியது பத்தாம் பதிவிலே அழிக்கப்பட்டிருக்கிறது; அழித்தது இருபதாம் பதிவிலே திரும்பி வந்திருக்கிறது. ஐந்து நிமிடங்களில், 'நன்றாயிருக்கிறது தம்பி, சேர்த்துவிடலாம்' என்று எழுதி அனுப்பிவிடுகிறார்.

அவர்மீது குற்றமா? முழுவதும் அவர்மீது சுமத்தல் நியாயமன்று. புல் மண்டிய வாய்க்காலிலே தண்ணீரை விட்டுவிட்டு, ஏன் ஓடவில்லை என்று தண்ணீரைக் கேட்பது போலாகும் அது.

அட்டவணையைத் தாளிலே அச்சிட்டு மாணவன் வீட்டிற் கொண்டுவந்து வைக்கிறான். அம்மப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டு வாசிக்கிறார்.

"மோனை, உதிலை கடைசி வயல்க்காரற்றை பேர் எங்கை?"

"இருக்கும் அம்மப்பா, வடிவாப் பாருங்கோ."

"பாத்துப்போட்டுத்தான் கேக்கிறன். அந்த மனுசன் கடைக்கோடியிலை இருக்கிறபடியால் முந்தியும் தண்ணி பிந்தித்தான் போறது. இப்ப நீ பேரையும் எடுத்துப்போட்டியே?"

மாணவன் வாயடைத்து நிற்கிறான். ஒரு குடும்பத்தின் ஒரு போகத்து விளைச்சல் ஒரு சிறு எண்ணிலே தங்கியிருந்தது. கணினி காட்டாத பிழையை, கணினி படித்தவர் காணாத பிழையை, ஒரு கமக்காரரின் விரல் கண்டுபிடித்தது. ஏன் அவரால் முடிந்தது? அவர்முன் இருந்தது ஒரேயொரு தாள். அதிலே இருபத்து மூன்றே பெயர்கள். பார்க்கவேண்டியது பார்க்கக்கூடிய அளவிலே இருந்தது.

கண்ணுக்கும் ஓர் எல்லை

கதை கற்பனையாயினும் அதன் கருத்து கற்பனையன்று. சிஸ்கோ நிறுவனத்திலே நடந்த 2,500 மீளாய்வுகளை ஆராய்ந்து 2006ஆம் ஆண்டளவில் வெளியான ஓர் ஆய்வு, ஒரே தடவையில் 200 முதல் 400 வரிகளுக்கு மேல் வாசிக்கும்போது பிழை காணும் ஆற்றல் குறைந்துவிடுகிறது என்று எடுத்துக்காட்டியது. கவனம் என்பது வற்றாத குளமன்று. அதனைப் பாய்ச்சவேண்டிய வயலுக்கே பாய்ச்சவேண்டும்.

பிழை தப்பிப்போனால் நேரும் கேடு எத்துணைப் பெரிதாகலாம் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. இணையத்திலே இரகசியமாகச் செய்தி பரிமாற உதவும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் நிரலிலே, 2011ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் திகதி ஒரு புதிய பகுதி சேர்க்கப்பட்டது. எழுதியவர் ஒருவர், மீளாய்வு செய்தவர் இன்னொருவர். வந்த செய்தி தன் நீளம் இவ்வளவு என்று கூறுவதை உண்மைதானா என்று சரிபார்க்கும் ஒரு சோதனை அதில் விடுபட்டிருந்தது. இருவர் கண்ணுக்கும் அது படவில்லை. 2012ஆம் ஆண்டு மார்ச் மாதம் அது உலகிற்கு வெளியிடப்பட்டது. 2014ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆம் திகதிதான் பிழை பகிரங்கமாயிற்று. இடைப்பட்ட ஈராண்டுக் காலமும், அந்நிரலைப் பயன்படுத்திய கணினிகளின் நினைவகத்திலிருந்து, கடவுச்சொற்கள் உட்படப் பலவற்றை அயலார் உருவிக்கொள்ள வழி திறந்து கிடந்தது. 'இதயக் கசிவு' என்று பொருள்படும் ஹார்ட்பிளீட் என்ற பெயர் அதற்கு ஏற்பட்டது. மீளாய்வு நடந்தது என்று ஏட்டிலே குறித்துவிடுவதால் மட்டும் பயனில்லை. அது உண்மையிலே நடக்கவேண்டும். நடப்பதற்கு ஏற்றவாறு எழுதியவர் வழிசெய்து கொடுக்கவேண்டும்.

துப்புரவு செய்யும் முறை

அப்படியானால் மாணவன் என்ன செய்திருக்க வேண்டும்? தன் நாற்பத்து மூன்று பதிவுகளையும் அனுப்புமுன் சீர்ப்படுத்தியிருக்க வேண்டும். இதற்கு கிட்டிலே 'ரிபேஸ்' என்னும் கட்டளை உண்டு. அதனை ஊடாடும் முறையிலே இயக்கினால், பதிவுகள் யாவும் பழையது மேலும் புதியது கீழுமாக ஒரு பட்டியலாகத் தோன்றும். ஒவ்வொரு பதிவின் முன்னும் ஒரு சொல் இருக்கும். 'பிக்' என்றால் இப்பதிவு அப்படியே இருக்கட்டும் என்பது பொருள். 'ரீவேர்ட்' என்றால் மாற்றம் இருக்கட்டும், குறிப்பை மட்டும் திருத்து என்பதாகும். 'ஸ்குவாஷ்' என்றால் இதனை மேலேயுள்ள பதிவோடு சேர்த்துவிடு. 'ஃபிக்ஸப்' என்றாலும் அதுவே, ஆனால் இதன் குறிப்பு வேண்டாம். 'எடிட்' என்றால் இந்த இடத்திலே நில், நான் பிரித்து எழுதவேண்டும். 'ட்ராப்' என்றால் இது வேண்டாம். வரிகளை மேலும் கீழும் இடம் மாற்றினால் பதிவுகளின் ஒழுங்கும் மாறும்.

மாணவன் இவ்வாறு செய்து தன் வேலையை ஐந்து பதிவுகளாக்குகிறான் என்று கொள்வோம். முதலாவது, ஓர இடைவெளியைச் சீர்ப்படுத்தியது மட்டும். அதிலே வேறெந்த மாற்றமும் இல்லை. இரண்டாவது, சில பெயர்களை விளங்கக்கூடியவாறு மாற்றியது. மூன்றாவது, வயல்களை ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியது, நான்கே வரிகள். நான்காவது, திரையிலே தோன்றும் தமிழ் வாசகங்கள். ஐந்தாவது, அட்டவணையிலே எல்லா வயல்களும் வருகின்றனவா என்று தானே சரிபார்க்கும் ஒரு சோதனை.

இப்போது ரொறன்ரோ உறவினர் திரையைத் திறக்கிறார். முதற் பதிவு தொள்ளாயிரம் வரிகளாயினும், இடைவெளி வேறுபாட்டைப் புறக்கணித்துக் காட்டு என்று கணினியைக் கேட்டால் ஒன்றுமே மிஞ்சாது. அரை நிமிடத்தில் அது முடிந்துவிடும். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதிலே கண் நிற்கிறது. பூச்சியம் ஒன்றாகியிருக்கிறது, எல்லை அப்படியே இருக்கிறது. 'தம்பி, தொடக்கத்தை மாற்றினீர், முடிவை மாற்றவில்லையே?' என்று உடனே எழுதுகிறார். கடைக்கோடி வயலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது.

உண்மையில் உறவினர் கேட்பதற்கு முன்னரே மாணவன் தானே கண்டுபிடித்திருக்கவும் கூடும். பதிவுகளைப் பிரித்து அடுக்கும்போது, எழுதியவன் தன் எழுத்தை முதன்முறையாக அந்நியன்போல நின்று வாசிக்கிறான். ஐந்தாவதாக உள்ள சோதனையை இயக்கிப் பார்த்தாலே பிழை வெளிப்பட்டிருக்கும். துப்புரவு செய்யும்போதுதான் கரையிலே நண்டு துளைத்த வளை கண்ணுக்குத் தெரிகிறது என்பதைக் கமக்காரர் அறிவர்.

மாணவர்கள் கைக்கொள்ளத்தக்க சில முறைகளை இங்கே தொகுத்துக் கூறுவோம். சீர்ப்படுத்தத் தொடங்குமுன் இருப்பதற்கு ஒரு மாற்றுக் கிளை அமைத்துப் பத்திரப்படுத்துக. ஒரு பதிவுக்கு ஒரு கருத்து என்பதை விதியாகக் கொள்க; குறிப்பை எழுதும்போது 'மேலும்' என்ற சொல் வருமானால் அங்கே இரண்டு பதிவுகள் இருக்கின்றன என்று ஐயுறுக. ஒரே கோப்பிலே இரண்டு வேலைகள் கலந்துவிட்டால், 'ஆட்' கட்டளையைப் பகுதி பகுதியாக இயக்கி வேண்டிய வரிகளை மட்டும் தெரிந்தெடுக்கலாம். குறிப்பின் முதல் வரி சுருக்கமாக, ஏறக்குறைய ஐம்பது எழுத்துக்குள் அமைக. ஒரு வரி வெற்றிடம் விட்டு, ஏன் மாற்றினேன் என்பதை அதன் கீழ் விளக்குக. என்ன மாற்றப்பட்டது என்பதை நிரலே சொல்லும்; ஏன் என்பதை எழுதியவரே சொல்லவேண்டும். ஒவ்வொரு பதிவின் முடிவிலும் நிரல் பழுதின்றி இயங்கவேண்டும். எல்லாம் முடிந்தபின், பத்திரப்படுத்திய பழைய கிளையையும் புதிய கிளையையும் ஒப்பிட்டுப் பார்க்க. இரண்டின் இறுதி வடிவத்துக்கும் வேறுபாடு சிறிதும் இருத்தலாகாது. நாம் மாற்றியது பதிவுகளின் ஒழுங்கையேயன்றி நிரலையன்று.

ஏதேனும் தவறிவிட்டால் அஞ்சவேண்டியதில்லை. நீக்கிய பதிவுகளையும் கிட் உடனே எறிந்துவிடுவதில்லை. இயல்பான அமைப்பில் முப்பது நாள்வரை 'ரெஃப்லாக்' என்னும் உள்ளேட்டிலே அவற்றின் தடம் இருக்கும்.

இன்னுமொரு நன்மை உண்டு. பல மாதங்களுக்குப் பின் ஒரு பிழை வெளிப்பட்டால், அது எந்தப் பதிவிலே புகுந்தது என்று தேட 'பைசெக்ட்' என்னும் கட்டளை உதவும். பாதியிலே பார்ப்பது, பின்னர் அந்தப் பாதியின் பாதியிலே பார்ப்பது என்று போனால் ஆயிரம் பதிவுகளிலும் பத்தே தடவைகளிற் குற்றவாளியைக் கண்டுவிடலாம். அகப்பட்ட பதிவு நான்கு வரியாக இருந்தால் பிழை கையிலே கிடைத்ததுபோலத்தான். அது தொள்ளாயிரம் வரியாக இருந்தால் தேடல் மறுபடியும் தொடங்கவேண்டியதுதான்.

வரலாற்றைத் திருத்தலாமா?

இங்கே சிந்தனையுள்ள வாசகர் ஒரு கேள்வி எழுப்பக்கூடும். நடந்ததை நடந்தபடி வைத்திருப்பதல்லவா பதிவேடு? அதனைத் திருத்தி அழகுபடுத்துதல் பொய்க்கணக்கு எழுதுவதாகாதா?

நியாயமான கேள்வி. வன்னி மக்களுக்கு இக்கேள்வியின் கூர்மை நன்கு தெரியும். 2008, 2009ஆம் ஆண்டுகளிலே இடம்பெயர்ந்து, மீண்டும் வந்து குடியேறியபோது, காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் இழந்து நின்ற குடும்பங்கள் பல. ஒரு தாள் இல்லாமற் போனால் ஓர் உரிமையே இல்லாமற் போகலாம் என்பதை அவர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

கணினி உலகிலும் இக்கருத்துடையோர் உளர். உலகெங்கும் கைத்தொலைபேசிகளிலே வழங்கும் எஸ்.கியூ.லைட் என்னும் தரவுத்தளத்தை ஆக்கிய றிச்சட் ஹிப், தாம் எழுதிய ஃபொசில் என்னும் பதிவேட்டிலே ரிபேசுக்கு இடமே வைக்கவில்லை. நடந்தது நடந்தபடி இருக்கவேண்டும்; வாசிப்போருக்கு வசதி வேண்டுமாயின் காட்டும் முறையை மாற்றலாம், ஏட்டை மாற்றலாகாது என்பது அவர் கொள்கை.

மாறாத பதிவேட்டின் பெருமையைக் காட்டும் நிகழ்ச்சியொன்று 2003ஆம் ஆண்டு நவம்பரிலே நடந்தது. லினக்ஸ் நிரலின் மூலப்பிரதி அப்போது ஒரு பதிவேட்டிலே இருந்தது. அதிலிருந்து எடுத்த பிரதியொன்று வேறொரு பதிவேட்டிலே பேணப்பட்டது. அந்தப் பிரதியிலே யாரோ ஒருவர் இரண்டு வரிகளைப் புகுத்திவிட்டார். பார்வைக்கு அது ஒரு சோதனை போலவே தோன்றும். ஆனால் இரண்டு சமக்குறிகள் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றே இருந்தது. அதனால் 'சமமா?' என்று கேட்பதற்குப் பதிலாக, சாதாரணப் பயனாளரைக் கணினியின் முழு அதிகாரியாக்கிவிடும் கட்டளையாக அது மாறியது. மூலப்பதிவேட்டிலே அப்படியொரு பதிவே இல்லாதிருந்தமையால் வஞ்சகம் பிடிபட்டது. இரண்டு ஏடுகளையும் ஒப்பிட்டதால் வந்த காப்பு அது.

அப்படியாயின் சீர்ப்படுத்தல் எங்கே முடியவேண்டும்? லினக்ஸ் எழுதுவோர் கடைப்பிடிக்கும் வழக்கம் இதற்கு விடை தருகிறது. உன்னிடமே இருக்கும் வரை அது வரைவு. அதனை எத்தனை தடவையும் திருத்தி எழுதலாம். பிறர் கைக்குச் சென்று, அதன்மேல் அவர்கள் கட்டத் தொடங்கிவிட்டால் அது சாசனம். அதிலே கைவைத்தல் ஆகாது. பிறர் எழுதிய பதிவையோ ஒருபோதும் மாற்றலாகாது. இதற்குப் பொறிமுறைக் காரணமும் உண்டு. ஒவ்வொரு பதிவின் அடையாள எண்ணும் அதன் முந்திய பதிவைச் சேர்த்தே கணிக்கப்படுகிறது. இடையிலே ஒன்றை மாற்றினால் அதற்குப் பின்னுள்ளவை எல்லாம் புதிய பதிவுகளாகிவிடும். பழையதை நம்பி வேலை செய்தவர்கள் நடுவழியிலே நிற்பார்கள்.

வரைவுக்கும் சாசனத்துக்கும் உள்ள இவ்வேறுபாடு தமிழருக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே 1832இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், செல்லரித்த ஏடுகளைத் தேடித் தொகுத்து, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, 1887ஆம் ஆண்டு கலித்தொகையைப் பதிப்பித்தார்கள். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் அவர்கள் சீவக சிந்தாமணியை வெளியிட்டார்கள். ஒரு நூலின் பல ஏடுகள் தம்முள் மாறுபடும்போது, அத்தனையையும் வாசகர்முன் குவித்துவிடுவது பதிப்பாகாது. வேறுபாடுகளை மறைத்துவிடுவதும் நேர்மையாகாது. தெளிந்த பாடத்தை மேலே அமைத்து, பாடபேதத்தைத் தனியே குறிப்பதே நற்பதிப்பாசிரியர் வழக்கம். அவர்களுடைய மேசையிலே எத்தனை முறை எழுதி எத்தனை முறை அடித்தார்கள் என்பது நமக்கு வேண்டியதில்லை. ஆனால் ஏடு என்ன சொல்லிற்று என்பது நமக்கு வேண்டும். நிரல் எழுதும் மாணவனும் இவ்வாறே. தன் தடுமாற்றங்களைத் தன் மேசையிலே விட்டுவிடலாம். ஆனால் இன்ன காரணத்தால் இன்னது செய்தேன், இவ்வழியை முயன்று பார்த்துக் கைவிட்டேன் என்று வருவோருக்கு உதவும் உண்மையைக் குறிப்பிலே எழுதிவைக்க வேண்டும்.

மரியாதையின் ஒரு வடிவம்

லினக்ஸ் நிரலின் புதிய வெளியீடு ஏறக்குறைய ஒன்பது, பத்துக் கிழமைகளுக்கு ஒருமுறை வருகிறது. ஒவ்வொரு வெளியீட்டிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுகள் சேர்கின்றன. எழுதுவோர் ஒருவரை ஒருவர் முகம் பார்த்தறியாதவர்கள். அப்பெருங்கூட்டத்தினுள் உருத்திரபுரத்து மாணவன் ஒருவன் நுழைய விரும்பினால், அவனுக்குப் பரிந்துரைக் கடிதம் தேவையில்லை, பட்டம் தேவையில்லை, பிரயாணச் சீட்டும் தேவையில்லை. துப்புரவாக எழுதி, தெளிவாக அடுக்கி அனுப்பிய ஐந்து பதிவுகள் போதும். முன்பின் அறியாத ஒருவர் தம் நேரத்தைச் செலவிட்டு அவனை வாசிப்பார். குழப்பமாக அனுப்பினால், நல்ல வேலையாக இருந்தாலும் வாசிப்பாரின்றிக் கிடக்கும். நம் பிள்ளைகளுக்கு இக்கலை எத்துணை முக்கியம் என்பதற்கு வேறு காரணம் வேண்டுமா?

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளை எழுதி முடித்துவிட்டேன் என்று சொன்ன பிறகும் இரண்டு மணி நேரம் திரைமுன் அமர்ந்திருந்தால், வீண்பொழுது போக்குகிறான் என்று எண்ணவேண்டாம். புல் செதுக்கிக்கொண்டிருக்கிறானோ என்று கேட்டுப் பாருங்கள்.

நம் கதையிலே வந்த அம்மப்பாவுக்கு ரிபேசும் தெரியாது, கிட்டும் தெரியாது. மாணவன் அட்டவணையைத் திருத்தி மறுபடியும் அச்சிட்டுக் கொண்டுவந்தபோது, அவர் மேலிருந்து தொடங்கவில்லை. கீழிருந்து மேலாகத்தான் வாசித்தார். முதலிலே கடைக்கோடி வயல்க்காரரின் பெயரைத் தொட்டுப் பார்த்தார்.

"இருக்கு மோனை. இனித் தண்ணியைத் திறக்கலாம்."